கடன் வாங்கி இன்ஜினீயரிங் வேண்டாம், மரம் பழகட்டும்

நல்ல மதிப்பெண் வாங்கிய மகன் "சிற்பம் மாதிரி நாற்காலி செய்யப் போகிறேன்" என்கிறான், சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. பதற்றம் புரிகிறது. ஆனால் போகப் போக மனம் மாறிவிடுவான் என்று நான் சொல்லப் போவதில்லை. கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்தான் என்று அடம்பிடிக்கும் பெரியப்பா கட்டணத்தில் பாதியாவது தருவாரா? பிள்ளைக்கு மனமில்லாத படிப்புக்குக் கடன் வாங்கவே கூடாது.

அவன் கேட்பது தச்சு வேலைதானே என்கிறார்களாம். தச்சு வேலையாகவே இருந்தாலும் அதில் என்ன கேவலம்? அமெரிக்காவின் வெண்டல் காசில் தொழில் வடிவமைப்பும் சிற்பமும் படித்தவர். பலகைகளை அடுக்கி ஒட்டிப் பெரிய கட்டையாக்கி, அதைச் சிலை போலச் செதுக்கி நாற்காலியாக்கினார். ஜார்ஜ் நகாஷிமா கட்டடக்கலை படித்துவிட்டு மரத்துக்கு வந்தவர். பலகையின் இயற்கையான விளிம்பை அப்படியே விட்டார்; வெடிப்பை மறைக்காமல், மேலும் பிளக்காதபடி வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் மரத்துண்டு பதித்தார். மரவேலையைத் தானே கற்றுக்கொண்ட சாம் மலூஃபுக்கு 1985-இல் மெக்ஆர்தர் நல்கை, அதாவது அசாத்தியத் திறமை காட்டுபவர்களுக்கு அமெரிக்காவில் தரும் பெரிய உதவித்தொகை, கிடைத்தது.

அழகாக வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. ஈரக்காற்றில் மரம் அகலவாக்கில் உப்பும், வறண்டால் சுருங்கும். நீளம் அவ்வளவாக மாறாது. அகலமான மேசைப் பலகையை அசைய விடாமல் திருகி இறுக்கினால், பருவம் மாறும்போது வெடிக்கலாம். ஆள் பின்னால் சாயும்போது, பின்னங்காலும் இருக்கையும் சேரும் இணைப்பில்தான் பாரம் கடுமையாக விழும். அங்கே அழகுக்காக மரத்தை மெலிதாக்கினால் சிற்பம் நிற்கும், ஆள் விழுவார். இதெல்லாம் கையில் உளி பிடித்துப் பழகினால்தான் வரும்.

அதனால் முதலில் ஒரு வருடம் நல்ல பட்டறையில் பயிற்சி. விலையுயர்ந்த வடிவமைப்புப் பட்டமும் இப்போது வேண்டாம். அதற்கும் கடன் கூடாது என்றே சொல்வேன். இயந்திரம் எதுவும் வாங்கித் தராதீர்கள். இழைப்புளி, ரம்பம், சில உளிகள் போதும். ஒரு நாற்காலிக்கே வாரக்கணக்கில் ஆகும், வருமானம் மெதுவாகத்தான் வரும். அதுவரை அலமாரி, கதவு, பழுதுபார்ப்பு என்று எந்த வேலை வந்தாலும் அவன் செய்ய வேண்டும். அதற்கு முகம் சுளித்தால் எனக்கும் சந்தேகம் வரும். அப்புறம், ஆர்டர் எடுக்கும்போது மர விலையையாவது முன்பணமாக வாங்கச் சொல்லுங்கள்.

பட்டறையைப் பார்க்கப் போகும்போது தூசி உறிஞ்சும் ஏற்பாடு இருக்கிறதா, முகக்கவசம் போடுகிறார்களா என்று கவனியுங்கள். மரத்தூள் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. இவை இல்லாவிட்டால் வேறு பட்டறை தேடுங்கள்.