மஞ்சள் கடுதாசியும் விடுவிப்பு ஆணையும்

கேள்வி: விசைத்தறி நடத்திய என் தந்தைமீது நூல் வியாபாரி ஒருவர் வழக்குப் போட்டு 2001-இல் தீர்ப்பு வாங்கினார். 2003-இல் தந்தை ஐ.பி. (கடனைத் தீர்க்க வழியில்லை என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் நொடிப்பு மனு, பேச்சுவழக்கில் 'மஞ்சள் கடுதாசி') கொடுத்தார், 2006-இல் கடனிலிருந்து விடுபட்டுவிட்டதாகச் சொல்கிறார். ஆனால் அந்தத் தீர்ப்பின் பணத்தை வசூலிக்க வியாபாரி 2012-இல் போட்ட நிறைவேற்று மனுவில், தந்தை 2010-இல் வாங்கிய வீட்டை ஜப்தி செய்ய இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. காகிதங்களைக் கறையான் அரித்துவிட்டது. வழக்கு எண்ணும் நினைவில்லை. என்ன செய்யலாம்?
– ஈரோடு மாவட்ட வாசகர்

பதில்: தீர்ப்பு வந்த 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்று மனு போடப்பட்டுவிட்டதால், காலம் கடந்துவிட்டது என்ற வாதம் உங்களுக்குக் கைகொடுக்காது. விடுவிப்பு ஆணையைத் தேடி எடுத்தே ஆக வேண்டும்.

'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்று ஊரார் சொன்ன மாத்திரத்தில் கடன் ஒழிந்துவிடுவதில்லை. இன்றும் நடைமுறையில் உள்ள 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டப்படி, ஒருவரை நொடிப்பாளர் என்று அறிவிக்கும் ஆணை வேறு, அவரைக் கடன்களிலிருந்து விடுவிக்கும் ஆணை வேறு. முதல் ஆணையிலேயே, விடுவிப்புக் கோரி எத்தனை காலத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று நீதிமன்றம் குறிப்பிடும். அதைச் செய்யாமல் விட்டால் 43-ஆவது பிரிவின்படி அந்த அறிவிப்பே ரத்தாகும். ஆகவே முதல் ஆணையின் நகலை மட்டும் நீட்டினால், 'விடுவிப்பு எங்கே?' என்றுதான் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

ஐ.பி. எண்ணைத் தேட எதிராளியின் வழக்குக் கட்டே நல்ல தொடக்கம். கடனாளி தம் மனுவில் கடன் கொடுத்தவர்கள் அனைவரின் பெயரையும் முகவரியையும் தர வேண்டும் என்பதால், அந்த வியாபாரிக்கும் அப்போது தகவல் போயிருக்க வேண்டும். பழைய வழக்கிலோ நிறைவேற்று மனுவிலோ ஐ.பி. எண் எங்காவது குறிக்கப்பட்டிருக்கலாம். அங்கே இல்லையென்றால், அன்று உங்கள் ஊர் எந்தச் சார்பு நீதிமன்றத்தின் எல்லைக்குள் இருந்தது என்று பார்த்து, 2003-ஆம் ஆண்டின் ஐ.பி. பதிவேட்டைத் தேடித் தரும்படி வக்கீல் மூலம் மனுக் கொடுங்கள். நொடிப்பு அறிவிப்பு அரசிதழிலும் வெளியாக வேண்டியது. அதில் பெயர், முகவரி, தேதி, நீதிமன்றம் நான்கும் இருக்கும். தந்தையின் பழைய வக்கீல் அலுவலகத்துப் பரணையும் விட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில் பாதிக் காகிதங்கள் அங்கேதான் தூங்குகின்றன.

எண் கிடைத்ததும் விடுவிப்பு ஆணையின் சான்றிட்ட நகலுக்கு நகல் மனுப் போடுங்கள். கட்டு அழிக்கப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆணையின் தேதியும் முடிவும் பதிந்துள்ள பதிவேட்டுப் பக்கத்துக்குச் சான்றிட்ட நகல் கேளுங்கள். நொடிப்பாளரின் சொத்துகளை நிர்வகிக்கும் அஃபிஷியல் ரிசீவர் அலுவலகத்திலும் தனிக் கோப்பு இருக்க வாய்ப்புண்டு.

நகல் வந்ததும் அதே நொடிப்புச் சட்டத்தின் 44-ஆவது பிரிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரசுக்குச் சேர வேண்டிய பாக்கி, மோசடியால் ஏற்பட்ட கடன், ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்பில் அடங்கா. நூல் பாக்கி சாதாரண வியாபாரக் கடன் என்பதால் அடங்கும். அந்த வியாபாரி ரிசீவரிடம் வந்து கணக்குக் காட்டாமல் இருந்திருந்தாலும் அடங்கும். ஆனால் ஜாமீன் நின்றவர் யாராவது இருந்தால், அவருக்கு இந்த ஆணை பாதுகாப்புத் தராது.

நகல் கைக்கு வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். அடுத்த வாய்தாவிலேயே, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 47-ஆவது பிரிவைக் காட்டி எதிருரை தாக்கல் செய்து, நகல் மனுவின் எண்ணைக் குறிப்பிட்டு ஜப்தியை நிறுத்தி வைக்கக் கேளுங்கள்.