ஒப்புக்கொண்ட வழக்கில் மேன்முறையீடு: வென்றால் என்ன ஆகும்?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை உள்ளவன்) தான், இன்னும் சிட்டிசன்ஷிப் எடுக்கவில்லை. கனடாவின் ஸ்காபரோவில் இரண்டு குழுக்களுக்கு இடையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கொலை முயற்சி என்று பிடித்தார்கள். பிறகு அதைக் கைவிட்டு, காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டதாக ஒப்புக்கொள்ள வைத்தார்கள். இரு தரப்பும் பேசி முடித்தபடி நீதிபதி 7 வருடம் கொடுத்து இரண்டு கிழமை ஆகிறது. நாடுகடத்துவார்கள் என்று சட்டத்தரணி சொல்லவே இல்லையாம். மேன்முறையீடு செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் முதலில் நாளைப் பாருங்கள். ஒன்ராறியோவில் தண்டனை விதித்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும். நல்ல சட்டத்தரணி கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கைதிகளுக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. சிறை அலுவலரிடம் கேட்டு மகனே நிரப்பிக் கொடுக்கலாம். குற்றத் தீர்ப்பு, தண்டனை இரண்டையும் எதிர்ப்பதாகக் குறிக்கச் சொல்லுங்கள். ஒன்றைப் பிறகு கைவிடுவது சுலபம், புதிதாகச் சேர்ப்பதுதான் கரைச்சல்.

சரி, ஒப்புக்கொண்டதை மாற்ற முடியுமா? யாரும் நெருக்காமல், தெளிவாக, விளைவு தெரிந்து ஒப்புக்கொண்டானா என்று மேல்நீதிமன்றம் பார்க்கும். அன்று நீதிபதி வரிசையாகக் கேட்டிருப்பார்: சுயவிருப்பமா, குற்றத்தின் கூறுகளை ஏற்கிறாயா, இரு தரப்பு உடன்பாடு என்னைக் கட்டுப்படுத்தாது என்று தெரியுமா. அவன் சொன்ன ஒவ்வொரு 'ஓம்' என்ற பதிலும் எழுத்தில் இருக்கும். "லோயர் சொன்னார், தலையாட்டினேன்" என்பது அதற்கு முன்னால் நிற்காது.

நாடுகடத்தல் விஷயத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. 2018-இல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்த்த வொங் வழக்கு உங்கள் மகனின் கதைதான். கொக்கெய்ன் விற்றதாக ஒப்புக்கொண்ட ஒரு பி.ஆர்., 9 மாதத் தண்டனை, குடிவரவு விளைவை யாரும் சொல்லவில்லை. அவர் விவரம் தெரியாமல்தான் ஒப்புக்கொண்டார் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் தோற்றார். தெரிந்திருந்தால் வேறு என்ன செய்திருப்பேன் என்று அவருடைய சத்தியக்கடதாசியில் ஒரு வரிகூட இல்லை. உங்கள் மகனின் கடதாசியில் அந்த வரி இருக்க வேண்டும், நம்பும்படியாகவும் இருக்க வேண்டும். கேமராப் பதிவும் சாட்சிகளும் அவனைக் காட்டிக்கொடுக்கும் வழக்கில் "வழக்காடியிருப்பேன்" என்றால் நீதிபதிகள் புருவம் உயர்த்துவார்கள். பழைய சட்டத்தரணியைக் குறை சொன்னால் அவருக்கும் பதில் சொல்ல இடம் உண்டு. மகன் அவரிடம் அந்தரங்கமாகச் சொன்னவற்றுள் குறைக்குச் சம்பந்தப்பட்டவையும் அப்போது வெளியே வரும்.

இப்போது நான் கேட்கும் கேள்வி: வென்றால்? விடுதலை இல்லை, அம்மா. ஒப்புதல் ரத்தாகும், கைவிட்ட கொலை முயற்சிக் குற்றச்சாட்டு திரும்பி வரும். இப்போதுள்ள குற்றத்துக்கு உச்சம் 14 வருடம், கொலை முயற்சிக்கு ஆயுள். குற்றக் கும்பலோடு தொடர்பு என்று நிரூபித்தால் இரண்டுக்கும் குறைந்தபட்சம் 5 வருடம். அந்த அரச தரப்புச் சாட்சிகள் இன்னும் இருக்கிறார்களா, எவ்வளவு பலம் என்பதைக் கணக்குப் போடாமல் இதில் கைவைப்பது சூதாட்டம்.

தண்டனையை மட்டும் குறைக்கக் கேட்கலாம் என்றால், இரு தரப்பும் சேர்ந்து கேட்ட 7 வருடத்தை மேல்நீதிமன்றம் தொடுவது அரிது. 2013-இல் ஃபாம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2 வருடத்தில் ஒரு நாளைக் குறைத்தது. 2 வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர் நாடுகடத்தலை எதிர்த்துக் குடிவரவு மேன்முறையீடு செய்ய முடியாது என்பதுதான் அன்றைய எல்லை. அதே வருடம் அந்த எல்லை 6 மாதமானது. 7 வருடத்தை அங்கே கொண்டுவர எந்த நீதிபதியாலும் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. கும்பல் உறுப்பினர் என்று குடிவரவுத் தரப்பு தனியாகக் குற்றஞ்சாட்டி நாடுகடத்தப் பார்க்கலாம், அதற்குக் குற்றத் தீர்ப்பே தேவையில்லை. 2001-இல் ரொறன்ரோவில் தமிழ்க் குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்று இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனபோது எம்மவர்கள் அதைப் பார்த்தார்கள். மகன் நீதிமன்றத்தில் ஏற்றுக் கையெழுத்திட்ட சம்பவ விவரத்தில் 'கும்பல்' என்ற சொல் எங்கே, எப்படி வருகிறது என்று பாருங்கள். அதையும் நீதிமன்ற எழுத்துப் பதிவையும் எடுத்துக்கொண்டு, குற்றவியல் மேன்முறையீடு செய்பவரிடமும் குடிவரவுச் சட்டத்தரணியிடமும் தனித்தனியாகப் போங்கள். காசு இல்லாவிட்டால் லீகல் எய்டுக்கு விண்ணப்பியுங்கள்.

சிறையிலிருந்து மகன் எடுக்கும் போனில் சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அந்த அழைப்புகள் பதிவாகலாம். மறுவிசாரணை வந்தால் அவையே சாட்சி.