பழைய கிராபிக்ஸ் கார்டின் பயாஸை பிளாஷ் செய்யலாமா?

கீழக்கரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "இணையத்தில் பழைய ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி கார்டு ஒன்று வாங்கினேன். கேம் ஆடும்போது சில நேரம் திரையில் கோடுகள் வருகின்றன. வேறு பயாஸ் பிளாஷ் செய்தால் கோளாறும் போகும், வேகமும் கூடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா? இதில் நன்மை என்ன, ஆபத்து என்ன?"

இராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மண்டபம் முதல் சாயல்குடி வரை கடலோர ஊர்களிலிருந்து கார்டுகள் என் மேசைக்கு வருகின்றன. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பிளாஷ் செய்வது, அதாவது கார்டில் இருக்கும் பயாஸை அழித்து வேறொன்றை எழுதுவது, என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. யாரோ மாற்றி எழுதிய பயாஸை நீக்கிவிட்டு, கார்டு தயாரிப்பாளர் கொடுத்த பயாஸைத் திரும்ப எழுதுவது ஒன்று. கூடுதல் வேகத்துக்காக வேறொரு கார்டின் பயாஸையோ, திருத்திய பயாஸையோ எழுதுவது மற்றொன்று. முதலாவது வேலை உங்கள் கார்டுக்குத் தேவைப்படலாம், தேவைப்பட்டால் செய்யுங்கள். இரண்டாவதை உங்கள் கார்டில் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கார்டின் பயாஸ் என்பது விண்டோஸில் நாம் நிறுவும் டிரைவர் அன்று. கார்டின் பலகையிலேயே எட்டுக் கால்களுடன், பச்சரிசியைவிடச் சற்றே பெரிதாக ஒரு சிப் இருக்கும். அதற்குள் எழுதப்பட்டிருக்கும் சிறிய நிரல்தான் பயாஸ். உங்கள் கார்டில் அது 512 கேபி அளவுக்குள் அடங்கிவிடும். கோர் (கணக்குகளைச் செய்யும் முக்கிய சிப்) எந்த வேகத்தில் ஓட வேண்டும், எத்தனை வோல்ட் வாங்க வேண்டும், மின்விசிறி எந்தச் சூட்டில் சுழல வேண்டும், மெமரி சிப்புகளை எந்தக் கால இடைவெளியில் படிக்க வேண்டும், பின்பக்கத்தில் எந்தெந்தத் திரை இணைப்புகள் இருக்கின்றன என்பனவெல்லாம் அதில்தான் இருக்கின்றன. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டாலும் இது மாறாது. எனவே பயாஸில் உள்ள தவறு டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் போகாது.

பிளாஷ் செய்வதால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே பயன் கிடைத்த கார்டுகள் உண்டு. 2010 டிசம்பரில் வந்த ரேடியான் எச்டி 6950 கார்டில் 1408 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்) இருந்தன. தொடக்கத்தில் வந்த கார்டுகள் பலவற்றில் பிளாஷ் செய்தபின் எச்டி 6970 போல 1536 ஷேடர்களும் திறந்துகொண்டன. 2016இல் வந்த ஆர்எக்ஸ் 480, 4 ஜிபி கார்டுகளில் சிலவற்றில் பலகையில் 8 ஜிபி மெமரியே பதிக்கப்பட்டிருந்தது; பயாஸ்தான் பாதியை மறைத்து வைத்திருந்தது. வேகா 56 கார்டுக்கு வேகா 64 பயாஸை எழுதியவர்களுக்கு ஷேடர் எதுவும் கூடவில்லை; ஆனால் மெமரிக்கு வோல்டேஜ் கூடியதால் அதன் வேகம் நன்றாகவே உயர்ந்தது. தயாரிப்பாளர்களே பிளாஷ் செய்யச் சொன்ன நேரங்களும் இருக்கின்றன. 2020 ஜனவரியில் ஆர்எக்ஸ் 5600 எக்ஸ்டி விற்பனைக்கு வரும் தறுவாயில் புதிய பயாஸ் வெளியிடப்பட்டது. அதன்பின் கார்டுகள் பலவற்றில் மெமரியின் வேகம் 12 ஜிபிபிஎஸ்ஸிலிருந்து 14 ஆனது. 2021 மார்ச்சில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசையில் முன்பே விற்ற கார்டுகளுக்கு ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) வேண்டுமானால் பயாஸைப் புதுப்பித்தே ஆக வேண்டியிருந்தது.

இவற்றில் எதுவும் உங்கள் கார்டுக்குப் பொருந்தாது. ஆர்எக்ஸ் 580இல் அந்த சிப்பின் 2304 ஷேடர்களும் முழுமையாகத் திறந்தே இருக்கின்றன. ஒளித்து வைத்த பகுதி என்று ஒன்று அதில் இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்ற பெயரில் வேறொரு கார்டு இருக்கிறது. பழைய பொருள் விற்பவர்கள் அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு வெறும் 580 என்று எழுதி விற்பதைப் பார்த்திருக்கிறேன். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து, ஷேடர் எண்ணிக்கை 2304 என்று இருக்கிறதா, 2048 என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2048 என்றிருந்தால், 2304 பயாஸை எழுதி அதை உயர்த்திவிடலாம் என்று யார் சொன்னாலும் நம்பி இறங்காதீர்கள்.

உங்கள் திரையில் வரும் கோடுகளுக்கு வருகிறேன். 2023இல் தங்கச்சிமடத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒருவர் இதே 580 கார்டைக் கொண்டுவந்தார். "அண்ணே, சும்மா இருக்கும்போது நல்லாத்தான் இருக்கு, ரெண்டர் போட்டா பத்து நிமிசத்துல கோடு கோடா வந்து நின்னுபோகுது" என்றார். ஜிபியு-இசட்டில் பார்த்தபோது கோர் வேகம் 1150 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டியது. அந்த மாடலுக்கு, அதன் சிப்பை வடிவமைத்த ஏஎம்டி நிறுவனம் குறித்த பூஸ்ட் வேகம் (வேலை மிகும்போது எட்டும் வேகம்) 1340. அதைக் கண்டவுடனேயே அது மைனிங்கில், அதாவது கிரிப்டோ நாணயம் ஈட்ட ஓயாமல் கணக்குப் போடும் வேலையில், ஓடிய கார்டு என்று தெரிந்துவிட்டது. எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங் முறையைக் கைவிட்டது. அதற்குப்பின் அப்படிப்பட்ட கார்டுகள் குவியல் குவியலாகப் பழைய சந்தைக்கு வந்தன. உங்களுடையதும் அவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மைனிங் செய்தவர்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்த கோர் வேகத்தைக் குறைத்தார்கள். மெமரியின் 2000 மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கு, அதைவிடக் குறைந்த வேகத்துக்கென வகுக்கப்பட்ட நெருக்கமான கால அளவுகளை பயாஸில் நகலெடுத்து எழுதினார்கள். அப்படி எழுதினால் மெமரி அவ்வப்போது தவறான விடையைத் தரும். மைனிங்கில் ஒரு கணக்கு தவறினால் அந்த ஒன்று தள்ளப்படும், அடுத்தது தொடரும். அதனால் அவர்களுக்கு நட்டமில்லை. வீடியோ ரெண்டரிலோ கேமிலோ அதே தவறு கோடாகவும் புள்ளியாகவும் திரையில் தெரியும், அல்லது டிரைவரையே நிறுத்திவிடும். தங்கச்சிமடத்துக் கார்டில் இருந்த பயாஸை முதலில் ஒரு கோப்பாகச் சேமித்தேன். பிறகு கார்டின் பின்பக்க ஸ்டிக்கரில் இருந்த பாகம் எண்ணையும், மெமரி எந்த நிறுவனத்துடையது என்பதையும் ஒப்பிட்டு, அதே கார்டுக்கான அசல் பயாஸை எழுதினேன். அன்று மாலையே அவர் இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோவை ஒரே ஓட்டத்தில் ரெண்டர் எடுத்தார்.

மெமரி நிறுவனத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே விசிறி உள்ள ஆர்எக்ஸ் 580 கார்டுகளில்கூட சாம்சங், மைக்ரான், ஹைனிக்ஸ் என்று வெவ்வேறு நிறுவனங்களின் மெமரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கால அளவு வேறு. பயாஸ் கோப்பு எந்தெந்த மெமரிக்கு எழுதப்பட்டதோ அவற்றை மட்டுமே சரியாக இயக்கும். சாம்சங் மெமரிக்கு மட்டுமான பயாஸை ஹைனிக்ஸ் கார்டில் எழுதினால், திரை வராமலே போகலாம். அதைவிடத் தொல்லையாக, திரை வந்து மூன்று நாள் ஓடி, நான்காம் நாள் வேலை நடுவே நிற்கலாம். ஜிபியு-இசட்டில் மெமரி வகைக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் இருக்கும். பயாஸ் கோப்பு இருக்கும் பக்கத்திலும் அது எந்த மெமரிக்கு ஆதரவு தருகிறது என்று குறித்திருப்பார்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்தக் கோப்பைத் தொடாதீர்கள்.

அடுத்த ஆபத்து மின்சாரம். எழுதும் வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. நானும் ஒரு காலத்தில் பொருட்படுத்தவில்லை. உப்புப் படிந்த இன்சுலேட்டரில் பனி ஈரம் ஏறினால் லைன் விழுந்துவிடும் என்பது நம் கரையில் எல்லோரும் அறிந்ததே. அப்படிப்பட்ட ஒரு மார்கழி இரவில், யூபிஎஸ் பேட்டரி பழுதாகிக் கிடந்த நாளில், ஒரு வாடிக்கையாளரின் கார்டை எழுதத் தொடங்கினேன். பாதியில் மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது கணினி ஓடியது, விசிறி சுழன்றது, திரை கருப்பாகவே இருந்தது. அந்த மெஷினின் பிராசஸரில் ஆன்போர்டு கிராபிக்ஸும் இல்லை. கடையில் கிடந்த பழைய எச்டி 5450 கார்டை இன்னொரு ஸ்லாட்டில் செருகி, திரையை அதில் எடுத்து, பிளாஷ் மென்பொருளைத் திறந்தபோது 0, 1 என்று இரண்டு கார்டுகள் வரிசையில் காட்டப்பட்டன. எந்த எண் எந்தக் கார்டு என்று பார்க்காமல் எழுதியிருந்தால் இரண்டாவது கார்டும் டெட் ஆகியிருக்கும். பட்டியலில் இருந்த சிப் பெயரை விரல் வைத்துப் படித்து உறுதி செய்துகொண்டு, முன்பே சேமித்திருந்த கோப்பை எழுதினேன்; கார்டு உயிர் பெற்றது. அந்தக் கோப்பை எழுதுவதற்கு முன் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்திருந்ததால் மட்டுமே அவருடைய பொருளை அவரிடம் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அன்றிலிருந்து யூபிஎஸ் சரியாக இல்லாமல் எந்த பயாஸையும் நான் எழுதுவதில்லை.

மென்பொருளால் மீட்க முடியாத கார்டை, அந்த எட்டுக்கால் சிப்பின் மேல் கிளிப் மாட்டி, சிஎச்341ஏ என்ற சிறிய ப்ரோகிராமர் வழியாக எழுதலாம். இதை அறிந்தவரிடம் கொடுத்துச் செய்வதே நல்லது. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் கறுப்பு நிற ப்ரோகிராமர் டேட்டா கால்களில் 5 வோல்ட் தரும். ஆனால் கார்டின் சிப்போ 3.3 வோல்ட்டுக்கானது. புதிய என்விடியா கார்டுகள் பலவற்றில் 1.8 வோல்ட் சிப் இருக்கிறது. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். கிளிப்பிலும் நம் ஊர் உப்பு வேலையைக் காட்டும். சிப்பின் கால்களில் மெல்லிய வெள்ளைப் படலம் ஏறியிருந்தால் தொடுகை சரியாக இருக்காது. அதனால் எப்போதும் சிப்பை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்புகளும் ஒன்றுபோலவே இருக்கின்றனவா என்று ஒப்பிடுவேன். வேறுபட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கால்களைத் துடைத்துவிட்டு மீண்டும் படிப்பேன். படிப்பதே தடுமாறும்போது எழுதத் தொடங்குவது கார்டைக் கொல்வதற்குச் சமம்.

இந்த உப்புக் காற்று இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. கோடு வந்தாலே பயாஸ் கோளாறு என்று முடிவு செய்யாதீர்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வைத்த கணினிகளைத் திறந்தால், கார்டு செருகும் தங்கப் பற்களின் ஓரத்தில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைக் காணலாம். ஏர்வாடியிலிருந்து வந்த ஒரு கார்டை, அதன் உரிமையாளர் எங்கெங்கோ பதிவிறக்கிய மூன்று பயாஸ்களை எழுதிப் பார்த்தபின் கொண்டுவந்தார். பற்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, ஸ்லாட்டையும் சுத்தம் செய்தேன். பிறகு அசல் பயாஸைத் தேடி எழுதினேன். அவருடைய முதல் கோளாறு வெறும் களிம்புதான். மற்ற கோளாறுகளை அந்த மூன்று பயாஸ்களும் சேர்த்திருந்தன. தன் பழைய பயாஸை அவர் சேமித்து வைக்கவில்லை என்பதால், பொருந்தும் கோப்பைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

மற்ற ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருத்திய பயாஸில் கையொப்பம் பொருந்தாததால் விண்டோஸ் டிரைவர் ஏற்க மறுத்து, டிவைஸ் மேனேஜரில் பிழை எண் 43 (Code 43) என்று காட்டலாம். வேறு கார்டின் பயாஸ் என்றால் எச்டிஎம்ஐ துளைகளில் ஒன்று வேலை செய்யாமல் போகலாம், விசிறி தாமதமாகச் சுழலலாம். வாரண்டி இருக்கும் கார்டென்றால் அதையும் இழக்க நேரிடும். கூடுதல் மின்சாரம் இழுக்கும் பயாஸை எழுதினால், சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அந்தச் சூட்டை இறக்க வழியில்லை. நம் ஊரில் இதற்கு நேர்மாறாகச் செய்வதே பயன் தரும். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளிலேயே வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சோதிக்கலாம். பல 580 கார்டுகள் வேகம் குறையாமலே சூடு குறைந்து ஓடும். தவறினால் அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பினால் போதும், பயாஸைத் தொட வேண்டியதே இல்லை. உங்கள் நண்பர்கள் சொல்லும் வேகத்தையும் அங்கேயே கோர், மெமரி அளவுகளை உயர்த்திச் சோதித்துப் பார்க்கலாம்.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். கணினியை அணைத்து, கார்டைக் கழற்றி, பற்களைச் சுத்தம் செய்து மீண்டும் செருகுங்கள். சபையர் நைட்ரோ பிளஸ் போன்ற கார்டென்றால் மேல் விளிம்பில் பயாஸ் மாற்றும் சிறிய ஸ்விட்ச் இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதே அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். மைனிங் செய்தவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மறுபக்கத்தை அப்படியே விட்டிருப்பது உண்டு. அப்படியென்றால் உங்கள் வேலை அதோடு முடிந்தது. கோடு தொடர்ந்தால் ஜிபியு-இசட்டில் கோர் வேகத்தையும் மெமரி நிறுவனத்தையும் குறித்துக்கொண்டு, இப்போதிருக்கும் பயாஸைச் சேமியுங்கள். அது கெட்ட பயாஸாகவே இருந்தாலும் சேமியுங்கள். ஏஎம்டி கார்டின் கோப்பென்றால் அதன் முதல் இரண்டு பைட்டுகள் 55, ஏஏ என்று இருக்க வேண்டும். அதன்பின் ஸ்டிக்கரில் உள்ள பாகம் எண்ணுக்கும் மெமரிக்கும் பொருந்தும் அசல் பயாஸ் கிடைத்தால், நல்ல யூபிஎஸ்ஸில் வைத்து எழுதுங்கள். எழுதியபின்னும் அதே கோடுகள் வந்தால், பல மாதங்கள் இரவு பகலாக ஓடிய மெமரி சிப் ஒன்று பழுதாகியிருக்க வாய்ப்பு அதிகம். அதை எந்த பயாஸாலும் சரிசெய்ய முடியாது. திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் கார்டை விற்றவரிடமே அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன், நீங்கள் சேமித்து வைத்த பழைய பயாஸைத் திரும்ப எழுதிவிடுங்கள்.