ஜெர்மனி விசா, ரெசிடென்ஸ் பெர்மிட்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வணக்கம். ஜெர்மனிக்குப் புதிதாக வருகிற நம்மவர்களுக்குப் பேப்பர் வேலைகளில் பல வருடமாகக் கூட இருந்து உதவி வருகிறேன். நான் வக்கீல் இல்லை. நிராகரிப்புக் கடிதம் கையில் வந்துவிட்டால் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே வக்கீலிடம் போய்விடுங்கள். எதிர்த்துக் கேட்கப் பெரும்பாலும் ஒரு மாதம்தான் கெடு. மற்றவற்றைக் கேளுங்கள்.

மதுரை மாணவர்: அக்கா, என் படிப்பு இரண்டு வருடம். பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் ஆறு மாதம்தான் இருக்கிறது. தப்பாகக் கொடுத்துவிட்டார்களா?

தப்பு ஒன்றும் இல்லை தம்பி. அந்த ஸ்டிக்கர் உங்களை நாட்டுக்குள் விட்டு, முதல் சில மாதங்களைச் சமாளிக்கத் தருவது. படிப்பு முடியும்வரை இங்கே இருக்கும் உரிமை ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டையில் வரும். அதைத் தருவது தூதரகம் இல்லை, நீங்கள் குடியேறும் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம். இங்கே அதை ‘ஆவுஸ்லேண்டர்பெஹோர்டே’ என்பார்கள்.

முதலில் வீடு. குடிபோன இரண்டு வாரத்துக்குள் சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது அன்மெல்டுங். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. ‘இவர் இங்கே குடிவந்தார்’ என்று வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தனிப் படிவம் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் ஹெல்த் இன்ஷூரன்ஸ், பேங்க் கணக்கு. பிளாக்டு அக்கவுண்டில், அதாவது விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதம் ஒரு பங்கு மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், போட்ட 11,904 யூரோ மாதம் 992 ஆக அந்தக் கணக்குக்கு வரும். இவ்வளவும் ஆனதும் பெர்மிட்டுக்கு விண்ணப்பம். ஆறாவது மாதம் வரை காத்திருக்காதீர்கள், முதல் மாதமே போட்டுவிடுங்கள்.

இன்னொன்றைப் பலர் கோட்டை விடுகிறார்கள். இங்கே தபால்காரர் வீட்டு எண்ணை மட்டும் பார்த்துக் கடிதம் போட மாட்டார். தபால்பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வரி எண், அலுவலகக் கடிதங்கள் எல்லாம் தபாலில்தான் வரும். சாவி வாங்கிய அன்றே, பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இனிஷியலைச் சுருக்காமல் எழுதி ஒட்டுங்கள்.

திருப்பூரிலிருந்து: டூரிஸ்ட் விசாவில் வந்து வேலை தேடி, கிடைத்ததும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார்.

முடியாது. அந்த டூரிஸ்ட் விசா, அதாவது ஷெங்கன் விசா, 180 நாளில் 90 நாள் சுற்றிப் பார்க்க. வேலை கிடைத்தாலும் ஊருக்குத் திரும்பிப்போய் வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

முனிச் ஊழியர்: பெர்மிட் முடிய மூன்று வாரம்தான். அப்பாயின்ட்மென்ட் நான்கு மாதம் கழித்துத்தான் கிடைக்கிறது. வேலையை விட வேண்டியிருக்குமா?

பயப்படாதீர்கள். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவு உங்களுக்காகவே இருக்கிறது. கையில் உள்ள பெர்மிட் முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய பெர்மிட் அதே நிபந்தனைகளோடு தொடர்வதாகத்தான் கணக்கு. அதே வேலையைச் செய்யலாம். இங்கே கணக்கில் வருவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள். அப்பாயின்ட்மென்ட் எப்போது என்பது இரண்டாம் பட்சம்.

அதனால் இன்றே அனுப்புங்கள். உங்கள் ஊர் அலுவலகத்தின் ஆன்லைன் படிவம் இருந்தால் அதில்; இல்லையென்றால் எழுத்தில், பெறுநர் கையெழுத்தோடு போகும் பதிவுத் தபாலில். ஒப்புகையை பி.டி.எஃப். ஆகவும் பிரிண்ட்டாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அப்பாயின்ட்மென்ட் நாள் கேட்டு ஒரு வரி மெயில் அனுப்பினால் அது விண்ணப்பம் ஆகிவிடும் என்று நம்பியிராதீர்கள். எந்தப் பிரிவில், எவ்வளவு காலத்துக்கு நீட்டிப்பு கேட்கிறீர்கள் என்று தெளிவாக எழுதி, பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் சான்று எல்லாம் இணையுங்கள்.

கம்பெனி அத்தாட்சி கேட்கும். அதற்கு ‘ஃபிக்‌ஷியோன்ஸ்பெஷைனிகுங்’ என்ற மடிப்புத்தாளைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். நீட்டிப்புக்கு முறையாகக் கேட்டவருக்குக் கடைசிக் கட்டத்தில், 81ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவில், குறி போட்டிருக்க வேண்டும். கவுன்ட்டரை விட்டு நகருமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஃபிராங்க்ஃபர்ட் சகோதரி: திருச்சியில் தங்கை கல்யாணம். அந்த மடிப்புத்தாளோடு போய்வரலாமா?

கடைசிக் கட்டத்தில் குறி இருந்தால் போய்வரலாம். தாளின் தேதி முடிவதற்குள் திரும்ப வேண்டும். முடிந்துபோன பெர்மிட் அட்டையும் பாஸ்போர்ட்டும் கூடவே இருக்க வேண்டும். 3ஆம் உட்பிரிவில் குறி என்றால் வெளியே போகலாம், அதை வைத்துத் திரும்பி நுழைய முடியாது. டிக்கெட் போடுமுன் பாருங்கள். கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும்.

பெர்லின் ஐ.டி. ஊழியர்: வந்து ஒரு மாதம் ஆகிறது, வீடு கிடைக்கவில்லை. ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மட்டும் முகவரி தருகிறார். வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். குடியிருக்காத முகவரியைப் பதிவுக்குத் தருவதைச் சட்டம் நேரடியாகவே தடை செய்திருக்கிறது. தருகிறவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் உண்டு. பதிகிறவரும் தப்ப முடியாது.

ஹாம்பர்க் நண்பர் குறுக்கிட்டார்: அக்கா, பெர்லினில் பாதிப் பேர் இப்படித்தான் சமாளிக்கிறார்கள். பதிவு இல்லையென்றால் வரி எண் வராது, சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி, அதாவது மிக அதிகமான விகிதத்தில், பிடிப்பார்கள். வேறு என்ன வழி சொல்கிறீர்கள்?

கஷ்டம் நிஜம், மறுக்கவில்லை. வீட்டுக்காக இருநூறு மெயில் போட்டு இரண்டு பதில் வாங்கியவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். ஆனால் ஆறாம் வகுப்பில் கூடுதலாகப் பிடித்த வரி பிறகு திரும்பி வந்துவிடும். பொய் முகவரியால் போவது திரும்பாது. அலுவலகம் உங்களிடம் விளக்கம் கேட்டு, கெடு வைத்துக் கடிதம் எழுதினால் அது அந்த முகவரிக்குத்தான் போகும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அப்படி வந்த கடிதம், முகவரி விற்றவரின் தபால்பெட்டியிலேயே கிடந்தது. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்தபோது கெடு முடிந்திருந்தது. அப்புறம் வக்கீல் செலவு, மாதக்கணக்கில் தூக்கம் இல்லை.

வழி இருக்கிறது. ரெஜிஸ்ட்ரேஷன் செய்யலாம் என்று எழுத்தில் தருகிற தற்காலிக வாடகை அறைகள், சர்வீஸ் அபார்ட்மென்ட்கள் உண்டு. வாடகை அதிகம்தான், முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு அதைச் செலவுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே விமானம் ஏறுங்கள். வேலைக்கு வருகிறவர்கள் ஆஃபர் பேசும்போதே கம்பெனியிடம் தங்குமிடம் கேளுங்கள். கேட்டால் பல கம்பெனிகள் தருகின்றன, நம்மவர்கள்தான் கேட்கத் தயங்குகிறார்கள்.

ஹாம்பர்க் நண்பர்: நண்பன் வீட்டில் பதிந்துகொள்வதும் குற்றமா?

அங்கே நிஜமாகவே தங்குகிறீர்கள், படிவம் தரவேண்டியவர் தருகிறார் என்றால் குற்றம் இல்லை. நண்பன் வாடகைக்காரர் என்றால், நீண்ட நாள் தங்க அவருடைய ஓனரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். பெயர் அங்கே, படுக்கை வேறு ஊரில் என்றால்தான் தப்பு.

கொலோன் சகோதரி: நாங்கள் நிஜமாகவே குடியிருக்கிறோம். ஓனர் வாடகை வாங்கிக்கொண்டு படிவம் மட்டும் தர மறுக்கிறார்.

மறுக்க அவருக்கு உரிமை இல்லை. பதிவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை அவருடைய கடமை என்கிறது. எழுத்தில் ஒருமுறை கேளுங்கள். அப்போதும் தராவிட்டால் பதிவு அலுவலகத்தில் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள், சொல்வது உங்கள் கடமையும்கூட. வாடகை ஒப்பந்தத்தையும் பணம் அனுப்பிய ரசீதையும் கொண்டுபோங்கள்.

முகவரி பற்றி இன்னும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் இதே பதில்தான். மற்ற கேள்விகளுக்குப் போகிறேன்.

சென்னையிலிருந்து: ப்ளூ கார்டுக்கு, அதாவது பட்டம் படித்தவர்களுக்கான வேலைப் பெர்மிட்டுக்கு, எவ்வளவு சம்பளம் வேண்டும்?

2025இல் வருடத்துக்கு 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கும் சமீபத்தில் படிப்பு முடித்தவர்களுக்கும் 43,759.80. ஜனவரிதோறும் மாறும், விண்ணப்பிக்கும் வருடத்தின் தொகையைப் பாருங்கள். ஆஃபரில் ‘போனஸோடு சேர்த்து’ என்று இருந்தால், உறுதியான சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஸ்டுட்கார்ட் ஊழியர்: ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. பெர்மிட் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. சும்மா இருக்கலாமா?

இருக்காதீர்கள். வேலை முன்கூட்டியே முடிகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் உடனே பதியுங்கள். அட்டையோடு தந்த தனித்தாளை எடுத்து, கம்பெனி பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். புது வேலையில் சேர அனுமதி வேண்டுமா என்பது பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அட்டையை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு அந்தத் தாளைத் தொலைக்கிறவர்கள் அதிகம். இவ்வளவும் முறைப்படி செய்தால் வேறு வேலை தேட அவகாசம் கிடைக்கும். தைரியமாக இருங்கள்.

நியூரம்பெர்க் சகோதரி: பிரசவத்துக்கு ஊருக்குப் போய் எட்டு மாதம் இருக்கலாம் என்று இருக்கிறேன்.

சாதாரண பெர்மிட், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தானாகவே செல்லாமல் போய்விடும், அட்டையில் தேதி மிச்சம் இருந்தாலும். யாரும் கடிதம் போட்டு எச்சரிக்க மாட்டார்கள். ப்ளூ கார்டுக்காரருக்கும் அவர் குடும்பத்துக்கும் பன்னிரண்டு மாதம். உங்கள் கணவருடையது எது என்று பாருங்கள். சாதாரணப் பெர்மிட் என்றால், கிளம்புமுன் காரணம் எழுதி நீண்ட கெடு கேட்டு வாங்கிவிட்டுப் போங்கள்.

டூஸல்டார்ஃப் ஊழியர்: அப்பா அம்மாவை நிரந்தரமாக அழைத்துவர முடியுமா?

இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1.3.2024 அன்றோ அதற்குப் பின்னரோ முதன்முறையாக ப்ளூ கார்டு, திறன்பணியாளர் பெர்மிட் போன்றவை வாங்கியவர்கள் பெற்றோரை அழைக்கலாம். மனைவியும் இங்கே இருந்தால் மாமனார் மாமியாரையும். தடுக்கி விழுவது இன்ஷூரன்ஸில். செலவு முழுவதையும் நீங்கள் ஏற்க வேண்டும்; வயதானவர்களுக்கு இங்கே முழுமையான பிரைவேட் பாலிசி கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் மாதத் தொகை மிக அதிகம். பயண இன்ஷூரன்ஸ் இதற்குப் போதாது. பாலிசி விலையை முதலில் கேளுங்கள், அப்புறம் அவர்களிடம் சொல்லி ஆசை காட்டுங்கள்.

லைப்சிக் மாணவர்: பெர்மிட் நாளையோடு முடிகிறது, அப்பாயின்ட்மென்ட் இல்லை…

முனிச் ஊழியருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். படித்துவிட்டு இன்றிரவே அனுப்புங்கள்.

போர்ச்சுகல் போக விரும்பும் ஒருவர்: அங்கே நடைமுறை எப்படி?

எனக்கு ஜெர்மனி மட்டும்தான் தெரியும். அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

டார்ட்முண்ட் ஊழியர்: ப்ளூ கார்டில் பி.ஆர்., அதாவது நிரந்தரக் குடியிருப்பு, எப்போது? பாஸ்போர்ட்டும் வாங்கலாமா?

ஜெர்மன் மொழியில் பி1 நிலை இருந்தால் 21 மாதம், தொடக்க நிலையான ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். அத்தனை மாதமும் பென்ஷன் பணம் கட்டியிருக்க வேண்டும். குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்து வருடம். 2024 ஜூன் கடைசியிலிருந்து ஜெர்மனி பழைய பாஸ்போர்ட்டை விடச் சொல்வதில்லை. ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வாங்க வேண்டியிருக்கும். இலங்கைக்காரர்களுக்கு அவர்கள் அரசிடம் தனியாக விண்ணப்பித்து இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டு.

லைப்சிக் மாணவர் மீண்டும்: அனுப்பிவிட்டேன் அக்கா. ஒப்புகை மெயில் வந்துவிட்டது.

நல்லது தம்பி. அதை பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டோடு வையுங்கள். திங்கள்கிழமை அந்த மடிப்புத்தாளைக் கேட்டு எழுதுங்கள்.