கண்ணாடிப் பெட்டியில் ஒரு நாவல்

அன்புள்ள ஐயா,

எனக்கு ரொம்பப் பிடித்த நாவல் ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்'. யாராவது படிக்கட்டும் என்று ஒரு பிரதி வாங்கி, உள்ளே மின்னஞ்சல் முகவரி எழுதி, கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன். மூன்று மாதமாயிற்று. ஒரு வரி பதில் இல்லை. பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்குமோ? இது வெட்டி வேலைதானா?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

வெட்டி வேலை என்றால் நானும் பார்த்திருக்கிறேன். குன்னூரில் ஒரு டீக்கடை பெஞ்சில் எனக்குப் பிடித்த நாவல் ஒன்றை வைத்துவிட்டு நைசாக நழுவினேன். நாலு நாள் கழித்து அந்தப் பக்கம் போனால், கடைக்காரர் கைதட்டிக் கூப்பிடுகிறார். வர்க்கி அடுக்கும் கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டில், தினசரித் தாளில் சுற்றி என் நாவல்! "மறந்துட்டுப் போயிட்டீங்களே சார். ரெண்டு பேர் கேட்டாங்க, நான் குடுக்கலை" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் கேட்பாரற்றுக் கிடக்கும் புத்தகம், யாரோ தொலைத்த புத்தகம். பஸ் ஸ்டாண்டில் என்றால் நல்லவர் டைம் கீப்பரிடம் கொடுப்பார், பயந்தவர் தொடவே மாட்டார். நீங்கள் உள்ளே எழுதியது யார் கண்ணில் படும்? அட்டை மேலேயே எழுதி ஒட்டுங்கள்: 'தொலைந்ததல்ல. எடுத்துப் போய்ப் படியுங்கள்.'

2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'புக்கிராஸிங்' என்பதும் இப்படிப் பொது இடத்தில் புத்தகம் விட்டுவிட்டு வருவதுதான். அதில் புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு எண் ஒட்டுகிறார்கள். எடுத்தவர் அதை இணையத்தில் பதிந்தால் விட்டவருக்குத் தகவல் போகும். 2004-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஒன்றில் அந்தச் சொல்லே ஏறிவிட்டது. அவர்களுக்கும் எத்தனையோ புத்தகம் போன இடம் தெரியாது.

அப்புறம், மலையில் திறந்த பெஞ்ச் ஆகாது. ஒரு ராத்திரிப் பனி போதும், தாளெல்லாம் உப்பிவிடும். பிளாஸ்டிக் கவரில் போடலாம் என்றால் நம் மாவட்டத்தில் அதற்குத் தடை. கூரைக்குள்ளே, சுவரோரமாக, ஒரு மஞ்சப்பையில் வையுங்கள். குரங்கு இல்லாத இடமாகவும் பாருங்கள்.

பதில் வருமா என்றால், பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தரம் பூக்கும் பூவின் பெயரில் உள்ள நாவலை வைத்துவிட்டு மூன்றே மாதத்தில் கணக்குக் கேட்கிறீர்களே!

என் நாவலை அந்தக் கடைக்காரரிடமே விட்டுவிட்டேன். கேட்ட இருவரில் ஒருவர் கேரட் மூட்டை ஏற்றுகிறவராம். அவர்தான் முதலில் கொண்டுபோனார். இரண்டாமவர் டீ குடிக்க வரும்போதெல்லாம் "வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.