காலை ஆறு மணிக்கு யார் வருவார்கள்?

கேள்வி: எங்கள் நகர் நலச் சங்கம் சார்பில் ஜூன் 21, யோகா தினத்தன்று காலை ஆறு மணிக்கு ஐந்நூறு பேரை மைதானத்தில் ஒன்றாகச் சூரிய நமஸ்காரம் செய்யவைக்க இருக்கிறோம். மேடை, மைக், சிறப்பு விருந்தினர் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. போன வருடம் பெண்கள் பத்துப் பேர்கூட வரவில்லை. அவர்களுக்கு உடல்நலத்தில் அக்கறை வர என்ன செய்யலாம்?
(சங்கச் செயலாளர் ஒருவர், மதுரை)

பதில்: காலை ஆறு மணி என்று நீங்களே எழுதிவிட்டு, பெண்கள் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் உங்கள் தெருவில் ஏதாவது ஒரு வீட்டின் அடுப்படியைப் போய்ப் பாருங்கள். ஒரு அடுப்பில் குக்கர், இன்னொன்றில் இட்லிப் பானை. சமையல் மேடையில் மூன்று டிபன் பாக்ஸ் திறந்திருக்கும். சின்னவனுக்குத் தயிர்சாதம் ஆகாது, பெரியவளுக்கு எலுமிச்சை சாதம் பிடிக்காது. குழாயில் தண்ணீர் வருவதும் அப்போதுதான். குடத்தை வைத்துவிட்டு ஓடிவந்து சட்னிக்குத் தாளிக்க வேண்டும், தாளித்துவிட்டு ஓடிப்போய்க் குடத்தை மாற்ற வேண்டும். இதற்கு நடுவில் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை. வீட்டுக்காரர் ஷூ மாட்டிக்கொண்டு "நீயும் வந்தா என்ன?" என்று கேட்டுவிட்டு மைதானத்துக்குப் போகிறார். வீட்டில் எல்லோருடைய உடம்பையும் பார்த்துக்கொள்கிறவருக்கு அக்கறை இல்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

2024-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் படித்துப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காகச் செலவிடுவது ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உடற்பயிற்சி வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். அந்த நிமிடங்கள் எங்கே போயின என்று இனிமேல் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாத பெண்கள் சுமார் 57 சதவீதம், ஆண்கள் 42 சதவீதம் என்று 2022-ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு சொல்கிறது. நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தாலும், மூச்சு வாங்கும்படி உடம்பை நீட்டி மடக்க நேரமில்லை. அதனால் சங்கம் முதலில் செய்ய வேண்டியது உங்கள் ஆண் உறுப்பினர்களிடம் பேசுவது. வாரத்தில் மூன்று நாள் காலைச் சமையல் யார் பொறுப்பு என்று ஒரு கூட்டம் போடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நான் கட்டாயம் வருகிறேன். ஜூன் 21-க்கு வரமாட்டேன்.

ஐந்நூறு பேரும் ஒரே ஆசனம் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. யோகா தினத்துக்கு நான் எதிரி இல்லை. 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 177 நாடுகள் சேர்ந்து முன்மொழிந்த தீர்மானம் அது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் உடம்பு ஆளுக்கு ஆள் வேறு. நம் சென்னையிலேயே அதற்குப் பெரிய சாட்சி இருந்தார். யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் 1930-களில் மைசூரில் மகாராஜாவின் ஆதரவில் யோகசாலை நடத்தியபோது, மாணவர்களைக் கொண்டு கூட்டம் அசந்துபோகும் செய்முறைக் காட்சிகளை நடத்தியவர். 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தபின், வந்தவரின் வயது, நோய், தொழில் பார்த்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பயிற்சி அமைத்துக் கொடுத்தார். அவர் மகன் தேசிகாசார் 1976-இல் தொடங்கிய யோக மந்திரம் என்ற பயிற்சி மையமும் இந்த வழியில்தான் நடந்தது. காட்சி நடத்தவும் தெரிந்த கிருஷ்ணமாச்சாரியார், கடைசியில் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவரின் மூட்டுக்காக யோசித்தார். எனக்கு யோகாவில் பிடித்ததே அதுதான்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. சிரசாசனத்தில் கண்ணழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினார்கள். தலை தாழும் மற்ற நிலைகளிலும் அழுத்தம் கூடும். சூரிய நமஸ்காரத்தில் எத்தனை முறை தலை தாழ்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஐந்நூறு பேரில் க்ளாகோமா என்ற கண்ணழுத்த நோய் யாருக்கு, கட்டுப்படாத பிரஷர் யாருக்கு, டிஸ்க் விலகியது யாருக்கு? மேடையிலிருந்து மைக்கில் கேட்டால் யாரும் கை தூக்கமாட்டார்கள்.

சரி, என்ன செய்யலாம்? மேடைக்கும் ஃப்ளெக்ஸுக்கும் பொன்னாடைக்கும் ஆகும் பணத்தை அப்படியே எடுத்து வையுங்கள். பொன்னாடை மேல் எனக்கு உள்ள கோபம் இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குத் தெரியும். போர்த்தியவருக்கும் பயனில்லை, போர்த்திக்கொண்டவருக்கும் பயனில்லை. அந்தக் காசில் பவானி ஜமக்காளம் இருபது வாங்கலாம். நெய்தவருக்கும் வருமானம். படுத்துச் செய்யும் ஆசனங்களுக்கு அது போதும். நின்று செய்வதற்கு வெறுந்தரைதான் நல்லது, ஜமக்காளம் வழுக்கும். சுவரோரம் நான்கு நாற்காலி போடுங்கள், தரையில் உட்கார முடியாத பாட்டிகளுக்கு. நேரம், மாலை மூன்றரை. மதியச் சாப்பாடு செரித்திருக்கும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்திருக்கமாட்டார்கள். இதையும் நீங்களாக முடிவு செய்யாமல் பெண்களிடமே கேளுங்கள். ஒரு வகுப்புக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். சொல்லித்தர, யோகா-இயற்கை மருத்துவம் படித்தவரைத் தேடுங்கள். சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென்றே 2000-ஆம் ஆண்டிலிருந்து அரசுக் கல்லூரி இருக்கிறது, ஐந்தரை வருடப் படிப்பு. முதல் நாள் ஆசனமே வேண்டாம். யாருக்கு என்ன மாத்திரை, எங்கே வலி என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

அப்புறம், உங்கள் சங்கத்தில் பள்ளி ஆசிரியர்கள் இருப்பார்கள். பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நான் முன்பு கண்டித்தபோது, "ரிசல்ட் வேண்டாமா?" என்று தலைமையாசிரியர்கள் சிலர் கோபமாக எழுதினார்கள். நான் இன்னும் அதையேதான் சொல்கிறேன். ஐந்து முதல் பதினேழு வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது அதே உலக சுகாதார நிறுவனம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரத்தில் கிடைக்கும் ஒன்றிரண்டு பீரியடையும் பிடுங்கிக்கொண்டு, நாற்பது வயதில் அவனை யோகா மைதானத்துக்குக் கூப்பிடுகிறோம். ஜூனிலேயே பள்ளிக்குப் போய்க் கால அட்டவணையைக் கேளுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டால் அந்தப் பீரியட் உங்கள் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்காது.