முதல் சிறுகதைத் தொகுப்பை நானே சொந்தமாக வெளியிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பன்னிரண்டு கதைகள் கையில் இருக்கின்றன, பதிப்பகங்களிடமிருந்து பதில் வரவில்லை, நானே போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். என் முதல் தொகுப்பை நானேதான் போட்டேன். ஆனால் நேராக அச்சகத்துக்குப் போய்விடாதீர்கள். அச்சடிப்பதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. நல்ல பதிப்பகத்தில் ஓர் எடிட்டர் செய்யும் வேலையை இப்போது நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

முதலில், உங்கள் மேல் தாட்சண்யம் இல்லாத ஒருவரிடம் கதைகளைக் கொடுங்கள். மூன்றை எடுத்துவிடச் சொன்னால், வலித்தாலும் யோசித்துப் பாருங்கள். ஒன்பது நல்ல கதைகள் போதும்.

அப்புறம் மெய்ப்பு, அதாவது பிழை திருத்தம். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. பழைய எழுத்துருவில் அடித்த கதைகளை யுனிகோடுக்கு மாற்றியிருந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து கிடக்கும். திரையில் கண் அதைத் தாண்டிப் போய்விடும். தாளில் எடுத்துப் பார்த்தால்தான் மாட்டும். நான் அக்காவை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டு, தாளில் விரல் வைத்தபடி கூடவே வந்தேன். ஒரு பக்கத்தில் செல்லம்மாள், அடுத்த பக்கத்தில் செல்லம்மா என்று இருந்ததெல்லாம் அப்படித்தான் சிக்கியது. ஒற்றுப்பிழைக்கு விஷயம் தெரிந்தவரிடம் பணம் கொடுத்தே பார்க்கச் சொல்லுங்கள். பக்க வடிவமைப்பு, அதாவது லே-அவுட் முடிந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள், வரி உடையும் இடங்களில் புதுப் பிழைகள் முளைத்திருக்கும்.

பக்கக் கணக்கு: ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் 16 பக்கம் ஒரு ஃபாரம். 128 பக்கம் என்றால் சரியாக எட்டு ஃபாரம். லே-அவுட் 130 பக்கத்தில் வந்து நின்றால் அந்த இரண்டு பக்கத்துக்காகக் கூடுதல் தாள் போகும். எழுத்தின் அளவையோ வரி இடைவெளியையோ கொஞ்சம் குறைத்து 128-க்குள் கொண்டுவந்துவிடலாம்.

எத்தனை பிரதி? முதல் புத்தகத்துக்கு பிரிண்ட் ஆன் டிமாண்டில், அதாவது தேவைக்கேற்பக் கொஞ்சமாக அச்சிடும் முறையில், ஐம்பதோ நூறோ போதும். பிரதிக்கு ஆகும் செலவு, மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட்டைவிட அதிகம்தான், ஆனால் வீட்டில் கட்டுக்கட்டாகத் தேங்காது. விலை வைக்கும்போது கடைக்காரரின் கழிவை மறக்காதீர்கள். 160 ரூபாய் புத்தகத்துக்கு 40 சதவீதக் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 96 ரூபாய். அச்சுச் செலவும் கூரியரும் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாருக்கும் பணம் கட்டாதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. எழுத்தாளரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். பதிப்புரிமைப் பதிவும் கட்டாயமில்லை, எழுதியபோதே உரிமை உங்களுடையதுதான். ஆனால் 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மாநில மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள். உங்கள் கதைகளை என்றோ ஒருவர் தேடி வந்தால் அங்கே கிடைக்கும்.

அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூலும் போடலாம், அச்சுச் செலவே இல்லை. அங்கே இருக்கும் ‘செலக்ட்’ என்ற விருப்பத் திட்டத்தில் சேர்ந்தால் மட்டும் 90 நாட்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் தரக்கூடாது.

எல்லாவற்றையும் சேர்த்து ‘பேக்கேஜ்’ என்று தரும் நிறுவனத்திடம் போவதானால், கையெழுத்துப் போடுமுன் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: உரிமை முழுக்க உங்களிடமே இருக்கும் என்பது, லே-அவுட், அட்டை இரண்டின் மூலக் கோப்புகளையும் உங்களுக்குத் தந்துவிடுவார்கள் என்பது. கோப்பு கையில் இல்லாவிட்டால், இரண்டாம் பதிப்புக்கு ஒரு பிழையைத் திருத்தக்கூட அவர்களிடமே போய் நிற்க வேண்டியிருக்கும்.